முதல் கையெழுத்து மனைவி மக்களுக்கே!



நமது வட்டாரத்துக் கல்யாணப் பேச்சுகளில் ஒரு புதிய கேள்வி நுழைந்திருக்கிறது. "மாப்பிள்ளை என்ன தொழில் செய்கிறார்?" என்று கேட்ட காலம் போய்விட்டது. "மாப்பிள்ளைக்கு பி.ஆர். கிடைத்துவிட்டதா?" என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. மங்களூரிலும் திட்டக்குடியிலும் கேட்கிறார்கள். விருத்தாசலம் கடைவீதியில் கேட்கிறார்கள். வெள்ளாற்றின் எதிர்க்கரையில் லெப்பைக்குடிக்காட்டிலும் கேட்கிறார்கள். 'ஆம்' என்று பதில் வந்தால் பெண் வீட்டார் முகம் மலர்கிறது. மாப்பிள்ளை வீட்டாரின் கைக்கூலியும் கூடுகிறது!

ஆனால், கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. "எங்கள் பெண்ணை எப்போது அழைத்துக் கொள்வீர்கள்?" என்பதே அந்தக் கேள்வி. அதைக் கேட்கத் தயங்குவதால்தான் நிக்காஹ் முடிந்த நாற்பதாம் நாளில் மாப்பிள்ளை விமானம் ஏறுகிறார். பெண் ஊரில் இருக்கிறாள். ஒரு வருடம் இரண்டாகிறது, இரண்டு ஐந்தாகிறது. பிள்ளை தகப்பனை வாட்ஸ்அப் திரையில்தான் பார்க்கிறது. பி.ஆர். இருந்தும் இதுதான் நிலை என்றால், அந்தக் காகிதத்தால் யாருக்கு என்ன லாபம்?

வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்ற சகோதரனே! நீ போட வேண்டிய முதல் கையெழுத்து, மனைவியையும் மக்களையும் அழைப்பதற்கான கையெழுத்து. மச்சானுக்கும், தம்பிக்கும், கடைப் பங்காளிக்கும் பிறகு பார்க்கலாம். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வளைகுடா வேறு, நிரந்தரவாசம் வேறு!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். நம்மில் பலர் வளைகுடா நாட்டுக் குடும்ப விசாவையும் நிரந்தரவாசத்தையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

வளைகுடாவில் நீ இருப்பது கஃபீலின் பெயரில், அல்லது கம்பெனியின் பெயரில். உன் மனைவி இருப்பது உன் இகாமாவின் நிழலில். உன் வேலை போனால் உன் நிழலும் போகும். இருபது வருடம் இருந்தாலும் சாதாரணக் கடை ஊழியனுக்கு அங்கே நிரந்தர உரிமை பிறப்பதில்லை. கத்தார் 2018-ல் நிரந்தரவாசச் சட்டம் கொண்டு வந்தது. சவூதி 2019-ல் பிரீமியம் ரெசிடென்சி என்று ஒன்றை அறிவித்தது. காலவரையற்ற அனுமதிக்குக் கட்டணம் 8 லட்சம் ரியால்! அமீரகம் கோல்டன் விசா தருகிறது. முதலீட்டாளர்களுக்கும், உயர்கல்வியும் தனித்திறமையும் உள்ளவர்களுக்கும்தான் இவையெல்லாம். பக்காலாவில் நிற்கும் நம் பிள்ளைக்கு இவற்றால் என்ன பயன்?

குடும்பத்தை அழைப்பதற்கும் அங்கே சம்பளக் கணக்கு உண்டு. அமீரகத்தில் 2019-ல் தொழில் பட்டியல் நீக்கப்பட்டு, 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் என்று விதி மாறியது. இது நல்ல மாற்றம். குவைத் 2022-ல் குடும்ப விசாவை நிறுத்தியது. 2024 ஜனவரியில் 800 தினார் சம்பளமும் பட்டப்படிப்பும் வேண்டும் என்ற நிபந்தனையோடு மீண்டும் திறந்தது. சவூதியில் 2017 ஜூலை முதல், உடனிருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. அது ஆண்டுக்கு 100 ஆக ஏறி 2020-ல் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600 ரியால், வருடத்திற்கு 19,200 ரியால்! அந்தச் சுமை தாங்காமல் எத்தனையோ குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பின.

1990-ல் குவைத்தை ஈராக் ஆக்கிரமித்தபோது சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் இந்தியர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டு வர நேர்ந்தது. உடுத்திய துணியோடு வந்து இறங்கியவர்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. வளைகுடா நமக்கு வாழ்வு தந்தது. அதை நன்றியோடு சொல்வோம். ஆனால் அங்கே இருப்பது வேலை. வீடு இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

சிங்கப்பூரின் நிரந்தரவாசம், கனடாவின் பி.ஆர்., அமெரிக்காவின் கிரீன் கார்டு ஆகியவை வேறு வகை. உன் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனாலும் முதலாளியின் தயவில்லாமல் அந்நாட்டில் தங்கி, வேலை மாறி, தொழில் செய்து வாழலாம். குடும்பத்தையும் அழைக்க மனுச் செய்யலாம். அந்த மனுவில் நீ போடும் கையெழுத்துக்குத்தான் ஸ்பான்சர் என்று பெயர்.

முன்னோர் விட்ட வாய்ப்பு

நம் முன்னோர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சபர் போனார்கள். பெரும்பாலான ஊர்களில் சபுராளி மட்டும்தான் கப்பல் ஏறுவார். மனைவி ஊரில் இருப்பாள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து போவார். "பெண்டு பிள்ளைகள் எதற்கு அங்கே?" என்பதே அன்றைய பேச்சு.

கடையநல்லூர்க்காரர்கள் வேறு வழியில் போனார்கள். தறி நொடித்து, பஞ்சம் விரட்டிய நெசவாளக் குடும்பங்கள் அவை. மனைவி மக்களோடு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போய்க் குடியேறினார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார்கள். 1946-ல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார்கள். ஏழையாகப் போனவர்கள் அங்கே ஒரு சமுதாயமாக வேர் பிடித்தார்கள். காரணம் என்ன? பெண்கள் உடன் போனார்கள். பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

தனியாகப் போன வியாபாரிகளின் கதை என்ன ஆயிற்று? இலங்கையில் 1948-ல் குடிவரவுச் சட்டம் வந்தது. கொழும்புக் கடைக்காரர்கள் தற்காலிக அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். மலாயாவில் 1953-ல் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1950-களின் இறுதியில் அது மேலும் இறுகி, நெடுங்காலம் கணவனைப் பிரிந்து ஊரிலேயே இருந்த மனைவியருக்கும், வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கும் வாசல் அடைபட்டது. பர்மாவில் 1964-ல் கடைகள் தேசியமயமாயின; நம்மவர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள்.

அழைக்க முடிந்த காலத்தில் அழைக்காதவர்கள், அழைக்க நினைத்தபோது சட்டம் குறுக்கே நின்றது. இன்றைய சட்டம் நாளைக்கும் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? பிரிட்டனைப் பாருங்கள். மனைவியை அழைக்க 2012-ல் ஆண்டு வருமானம் 18,600 பவுன் வேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரலில் அதையே 29,000 பவுன் ஆக்கிவிட்டார்கள். "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டவனின் கதி என்ன?

ஸ்பான்சர் என்றால் ஜாமீன்!

வியாபாரிகளே! ஜாமீன் கையெழுத்து என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவன் வாங்கிய கடனுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால், அவன் கட்டாவிட்டால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஸ்பான்சர் கையெழுத்தும் அதே ரகம்.

கனடாவில் மனைவியை அழைப்பவர் மூன்று ஆண்டுகளுக்கு அவரது வாழ்க்கைச் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதித் தர வேண்டும். பெற்றோரை அழைத்தால் அந்தப் பொறுப்பு, கியூபெக் மாநிலம் தவிர, 20 ஆண்டுகள்! இடையில் அவர்கள் அரசு உதவித் தொகை வாங்கினால் அதை நீ திருப்பிக் கட்ட வேண்டும். தலாக் ஆனாலும் கையெழுத்து செத்துப் போகாது. அமெரிக்காவிலும் அப்படித்தான். நீ அழைத்தவர் குடிமகனாகும் வரை, அல்லது சுமார் பத்து ஆண்டு வேலை செய்து கணக்குக் காட்டும் வரை உன் பொறுப்பு தொடரும். மணவிலக்கு அதை ரத்துச் செய்யாது.

அதனால்தான் சொல்கிறோம்: யார் யாருக்கோ கையெழுத்துப் போட்டு உன் தகுதியைத் தீர்த்துக் கொள்ளாதே! பெற்றோரை அழைக்கும்போது உன் வருமானத்தை எத்தனை பேருக்குப் பகிர்ந்து கணக்குப் பார்ப்பார்கள் தெரியுமா? நீ ஏற்கெனவே பொறுப்பேற்ற ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் வருவார்கள்.

"கூடப் பிறந்த தம்பியைக் கைவிடுவதா?" என்று கேட்பீர்கள். கைவிடச் சொல்லவில்லை. அமெரிக்காவில் அண்ணன் தம்பியை அழைக்கும் உரிமை குடிமகனுக்கு மட்டும்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இல்லை. குடிமகன் மனுப் போட்டாலும் இந்தியாவில் பிறந்தவருக்கு 15 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருப்பு. 25 வயதில் மனுப் போட்ட தம்பிக்கு முறை வரும்போது அவன் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்க் கொண்டிருப்பார்கள். கனடாவிலும் சிங்கப்பூரிலும் பொதுவாக அண்ணன் தம்பியை அழைக்கவே வழியில்லை. "அண்ணன் கூப்பிடுவார்" என்று நம்பி விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் கிடைத்த வேலையை உதறிவிட்டு உட்கார்ந்திருக்கும் இளைஞனே! உன் அண்ணனால் முடியாததை அவன் சொல்லக் கூச்சப்படுகிறான். நீயாவது புரிந்து கொள்!

காலம் யாருக்கும் காத்திருக்காது

மனைவி மக்களை ஏன் முதலில் அழைக்க வேண்டும்? பிள்ளைகளின் வயது ஏறிக்கொண்டே போகிறது, அதனால்தான்.

சிங்கப்பூர் நிரந்தரவாசி தன் மனைவிக்கும், 21 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளுக்கும் நிரந்தரவாசம் கேட்டு மனுச் செய்யலாம். கனடாவில் வயது வரம்பு 22-க்குள். அங்கும் திருமணம் ஆகியிருக்கக் கூடாது. அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் மணமான மகனையோ மகளையோ அழைக்கவே முடியாது. மனு நிலுவையில் இருக்கும்போது அவசரப்பட்டு மகளுக்கு நிக்காஹ் முடித்தால் அந்த மனு அன்றே முடிந்து போகும். நம் சமுதாயத்தில் இந்தத் தவறு நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சிங்கப்பூருக்கு மகனை அழைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே மனத்தில் வைக்க வேண்டும். தகப்பனின் ஸ்பான்சரில் நிரந்தரவாசம் பெறும் ஆண்பிள்ளை இரண்டு ஆண்டுகள் முழுநேரத் தேசிய சேவை செய்தாக வேண்டும். அதைத் தட்டிக்கழிப்பது குற்றம். சேவையைச் செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பிற்காலத்தில் அவன் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ மனுப் போடும்போது அது எதிராக நிற்கும். கசப்பானாலும் இது அந்நாட்டின் நியாயம். உரிமை வேண்டுமென்றால் கடமையும் உண்டு. பையனோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பதினேழு வயதில் அதிர்ச்சி கொடுக்காதீர்கள்.

ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூரிலும், தற்காலிக வேலை அனுமதியில் மலேசிய உணவகங்களிலும் உழைக்கும் தம்பிமார்களே! உங்களுக்குக் குடும்பத்தை அழைக்கும் உரிமை கிடையாது. சிங்கப்பூரில் எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் உள்ளவர்களுக்குக் கூட மனைவி மக்களை அழைக்க மாதம் 6,000 வெள்ளியும், பெற்றோரை அழைக்க 12,000 வெள்ளியும் நிலையான சம்பளம் வேண்டும். இதை மறைத்துப் பெண் பார்க்காதீர்கள். "கல்யாணம் முடிந்ததும் கூப்பிட்டுக் கொள்வேன்" என்று சொல்லி ஒரு பெண்ணின் வாழ்க்கையை அடகு வைக்காதீர்கள். நிலையைச் சொல்லுங்கள், எத்தனை வருடத்தில் ஊர் திரும்புவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தெரிந்து சம்மதிப்பவள் உங்களோடு தோள் கொடுப்பாள். ஏமாந்தவள் எப்படிக் கொடுப்பாள்?

அத்தாவும் அம்மாவும்?

மனைவி மக்கள் முதலில் என்றதும் சிலர் முகம் சுளிப்பீர்கள். "பெற்றவர்களை விட்டுவிட்டா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

பெற்றோரை அழைக்கும் வழி எல்லா நாட்டிலும் குறுகிக்கொண்டே வருகிறது. பிரிட்டன் 2012-லேயே ஏறக்குறைய அடைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் சாதாரணப் பெற்றோர் விசாவுக்குப் புதிதாக மனுப் போட்டால் காத்திருப்பு சுமார் 30 ஆண்டுகள்! அறுபது வயது தாய்க்குத் தொண்ணூறு வயதில் விசா! கனடாவில் 2020-ல் விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியலிலிருந்தே பல ஆண்டுகள் குலுக்கல் நடந்தது. அங்கே சூப்பர் விசா என்ற வேறொரு வழி உண்டு. அதில் பெற்றோர் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் வயதான பெற்றோருக்கு நிரந்தரவாசம் கேட்பது குடிமக்களுக்கு உரியது. நிரந்தரவாசி நீண்டகால வருகை அனுமதிக்கு முயலலாம்.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகு ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. உன் அத்தா வர விரும்புகிறாரா? மங்களூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டு, காலையில் டீக்கடையில் நாலு பேரோடு பேசி, ஐவேளை பள்ளிவாசலில் பழகிய மனிதர் அவர். பனி கொட்டும் ஊரில் பதினான்காவது மாடியில் அவரை உட்கார வைத்துவிட்டு நீயும் உன் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் அவர் சுவரோடா பேசுவார்? பேரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லாத ஆளாகப் பெற்றோரை அழைப்பவர்களும் உண்டு. அழைப்பதாக இருந்தால் அவர்களைக் கேட்டு அழையுங்கள். வர மறுத்தால், ஊரில் அவர்களைக் கவனிக்க ஆள், மருந்து, மாதச் செலவு, வருடம் ஒருமுறை உன் முகம் இவற்றுக்கு ஏற்பாடு செய். மனைவியை ஊரில் விட்டு வைத்து, அவள் மூலம் பெற்றோர் கடமையைத் தீர்த்துக் கொள்வதைக் கடமை என்று சொல்லாதே. அது உன் சுமையை அவள் தலையில் ஏற்றுவது!

காகிதத்தில் கோட்டை விடாதீர்கள்

எத்தனையோ மனுக்கள் பணமில்லாமல் தோற்கவில்லை, காகிதத்தில் தோற்கின்றன. நமது ஜமாஅத்துகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஒன்று, நிக்காஹ் பதிவு. பள்ளிவாசல் தஃப்தரில் எழுதியதோடு வேலை முடிந்தது என்று இருக்கிறோம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி எந்த மதத்தவர் திருமணமானாலும் அரசுப் பதிவு கட்டாயம். 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள் உண்டு. தஃப்தர் நகலும் இருக்கட்டும், அரசுச் சான்றிதழும் இருக்கட்டும்.

இரண்டு, தொலைபேசி நிக்காஹ். லீவு கிடைக்கவில்லை என்று போனிலும் வீடியோவிலும் நிக்காஹ் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தரப்பு நேரில் இல்லாமல் தொலைபேசி, இணையம் வழியாக நடந்த திருமணத்தை வைத்து மனைவியை அழைக்க கனடா 2015 ஜூன் முதல் அனுமதிப்பதில்லை. மாப்பிள்ளை ஒரு வாரமாவது வந்து உட்காரட்டும்!

மூன்று, பெயர். பாஸ்போர்ட்டில் அப்துல் காதர், பள்ளிச் சான்றிதழில் காதர் பாட்சா, பிறப்புச் சான்றிதழில் வெறும் 'ஆண் குழந்தை'! பெயர் இல்லாமல் பதிவான பிறப்பில், பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை பெயரைச் சேர்க்கலாம். பிள்ளை ஓடி விளையாடும் வயதிலேயே அதை முடித்துவிடுங்கள்.

நான்கு, ஊர். நமது மங்களூரைப் பார்த்தால் வெளிநாட்டு அதிகாரிக்குக் கர்நாடகத் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு நம் மாவட்டத்தின் பெயரும் மாறி மாறி வந்திருக்கிறது. 1993 வரை தென்னாற்காடு. பிரித்தபின் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். 1997-லிருந்து கடலூர் மாவட்டம். தகப்பன் சான்றிதழில் ஒரு மாவட்டம், மகன் சான்றிதழில் வேறு மாவட்டம் என்று இருக்கும். ஊர் ஒன்றுதான், பெயர்தான் மாறியது என்று மனுவோடு ஒரு விளக்கக் கடிதம் இணைத்துவிட்டால் வீண் சந்தேகம் வராது.

ஐந்து, மறைத்தல். பி.ஆர். மனுவில் "திருமணமாகாதவர்" என்று எழுதினால் சுலபமாகக் கிடைக்கும் என்று ஏஜெண்டு சொல்வான். நம்பாதே! கனடாவில், நீ குடியேறிய நேரத்தில் கணக்கில் காட்டாத மனைவியையும் பிள்ளையையும் பின்னால் குடும்பப் பிரிவில் அழைக்க முடியாது என்பது பொது விதி. பொய் சொன்னது தெரிந்தால் ஐந்து ஆண்டுத் தடை. ஏஜெண்டு கமிஷனோடு போய்விடுவான். உன் பிள்ளைதான் வாசலில் நிற்கும்.

பி.ஆர். விற்பனைக்கல்ல!

பி.ஆர். உள்ள மாப்பிள்ளை என்று சொல்லி நகையும் ரொக்கமும் கேட்கும் வீட்டாரே! ஒரு நாடு உன் மகன் உழைப்பை நம்பிக் கொடுத்த உரிமையைச் சந்தையில் கூறுகட்டி விற்கிறீர்களா? காகிதத்துக்காக மட்டும் ஒரு கல்யாணம், காரியம் முடிந்ததும் தலாக் என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இது அந்நாட்டுச் சட்டத்தில் மோசடி. நம்மிடம் அமானத மோசடி. கனடாவில் ஸ்பான்சரில் வந்த கணவனோ மனைவியோ ஐந்து ஆண்டுகள் வரை வேறு துணையை அழைக்க முடியாதபடி 2012-லேயே விதி போட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்காரர் முன் அனுமதியின்றி அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணந்தால் மீண்டும் நுழையத் தடை வரலாம். ஒருவர் செய்யும் தில்லுமுல்லு, அவருக்குப் பின்னால் அதே ஊர்ப் பெயரோடு மனுப் போடும் ஒவ்வொருவரையும் சந்தேகப் பார்வைக்கு ஆளாக்கும்.

பெண்ணைப் பெற்றவர்களே! மணமுடித்துக் கைவிட்டுப் பறந்துபோன மாப்பிள்ளை மீது புகார் சொல்ல, தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் வெளிநாட்டு இந்தியர் பிரிவு இயங்குகிறது. அங்கே போகும் நிலை யாருக்கும் வரக் கூடாது. வராமலிருக்க, முன்னாலேயே விசாரியுங்கள். என்ன அனுமதிச் சீட்டு, எந்தத் தேதி வரை, குடும்பத்தை அழைக்கும் தகுதி உண்டா என்று மாப்பிள்ளையிடமே காகிதத்தைக் கேட்டுப் பாருங்கள். சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்படாதவர்கள் இதைக் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

"எல்லோரும் போய்விட்டால் ஊர் என்னாவது?"

பெரியவர்கள் சிலர் இப்படி வருந்துகிறார்கள். குடும்பத்தோடு போனவன் திரும்ப மாட்டான். பிள்ளைகள் தமிழை மறப்பார்கள். பள்ளிவாசல் சஃபில் ஆள் குறையும். ஊருக்கு வரும் பணமும் நிற்கும் என்கிறார்கள். இந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. குடும்பம் அங்கே போனால் மாதா மாதம் வரும் பணம் குறையத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பணம் எதற்கு விலையாக வந்தது என்பதையும் கணக்கில் எழுதுங்கள். இருபத்தைந்து வருடத் திருமண வாழ்க்கையில் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருடம் தேறாத தம்பதிகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். தகப்பன் அதட்டல் கேட்காமல் வளர்ந்து வழிதவறிய பிள்ளைகள் இருக்கிறார்கள். காரை பெயராத பெரிய வீடுகளில் வயதான பெண்கள் தனியாக இருக்கிறார்கள். ஊர் செழித்தது என்று நாம் சொல்லும்போது இவர்களைக் கேட்டோமா?

போகிறவர்கள் ஊரோடு உறவை அறுக்க வேண்டியதும் இல்லை. நிரந்தரவாசி இந்தியக் குடிமகனாகவே இருக்கிறார். வேறு நாட்டுக் குடியுரிமை பெறாதவரை, வெளிநாட்டில் வாழும் வாக்காளராகப் படிவம் 6ஏ கொடுத்துப் பெயரைப் பதியலாம். ஊருக்கு வந்து வாக்களிக்கலாம். தாயாதி வழி வந்த விளைநிலத்தை வைத்துக் கொள்ளலாம். ஆனால் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருக்கும்போது புதிதாக விளைநிலம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. இதைத் தெரிந்து கொண்டு நிலபுலன்களை ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள். குடும்பத்தோடு போன கடையநல்லூர்க்காரர்கள் ஊர்ப் பெயரையே அமைப்புக்கு வைத்தார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி கட்டினார்கள். மறக்க நினைப்பவன் தனியாகப் போனாலும் மறப்பான்.

ஜமாஅத்துகளே, செய்ய வேண்டியது இதுதான்

மங்களூர், திட்டக்குடி, வேப்பூர், பெண்ணாடம், விருத்தாசலம் ஜமாஅத்துப் பொறுப்பாளர்களே! பட்டம் படித்த பிள்ளைகள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பின் இரண்டு மணி நேரம் அவர்களை உட்கார வையுங்கள். நிக்காஹைச் சார்பதிவாளரிடம் பதிவது, பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பது, பெயர் எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது, ஏஜெண்டு காட்டும் படிவத்தை அந்தந்த நாட்டு அரசின் விதியோடு ஒப்பிட்டுச் சொல்வது போன்ற வேலைகளை அவர்கள் செய்யட்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு மேசையும் நாலு பேரின் அக்கறையும் போதும்.

வெளிநாடுவாழ் தமிழர் நலனுக்கென 2011-ல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. தனி ஆணையரகமும் இருக்கிறது. அங்கே போய்க் கேட்கும் பழக்கத்தை நாம்தான் உண்டாக்கிக் கொள்ள வேண்டும். கேட்காதவன் வீட்டுக்கு எந்தத் திட்டமும் தானாக நடந்து வராது.

நிக்காஹ் பேச்சு நடக்கும் சபையில், மஹர் எவ்வளவு என்று எழுதும் அதே தாளில் இன்னொரு வரியையும் எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளை மனைவியை எந்த ஆண்டுக்குள் அழைத்துக் கொள்வார், அழைக்க முடியாவிட்டால் எந்த ஆண்டில் ஊர் திரும்புவார் என்பதே அந்த வரி. இரு வீட்டாரும் ஜமாஅத்தும் சாட்சியாகக் கையெழுத்துப் போடட்டும்.

இளைஞனே! இன்ஷா அல்லாஹ் நாளை உன் கைக்கும் அந்தக் காகிதம் வரும். அன்று முதல் மனுவை எடு. முதல் பெயராக உன் மனைவியின் பெயரை எழுது. அடுத்து உன் பிள்ளைகளின் பெயரை எழுது. எதையும் மறைக்காதே, எதையும் தள்ளிப் போடாதே. அதன் பிறகு ஊருக்கும் உறவுக்கும் செய்ய உனக்கு ஆயுள் இருக்கிறது.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!